பழைய பிக்கப்பில் இன்ஜெக்ஷன் இன்ஜின்: காகிதத்திலிருந்து கடைசி வயர் வரை

கார்புரேட்டர் பிக்கப் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இந்த யோசனைக்கு வந்தே தீருவார்கள். காலையில் சோக் இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம், சரிவில் சாய்ந்து நிற்கும்போது இன்ஜின் அடைத்துக்கொண்டு நிற்காது, பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும். எல்லாம் உண்மைதான். ஆனால் "பழசைத் தூக்கு, புதுசை இறக்கு, நாலு போல்ட் வேலை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். போல்ட் வேலை சுலபம். ஆளைச் சாய்ப்பவை வேறு மூன்று: வயரிங், பெட்ரோல் லைன், காகிதம். மூன்றிலும் முட்டி மோதி வெளியே வந்தவன் என்பதால், இன்ஜினைப் பற்றிக் குறைவாகவும் இவற்றைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு டொயோட்டா பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன். அதன் 22ஆர் கார்புரேட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு 22ஆர்இ இன்ஜெக்ஷன் இன்ஜினை வைப்பது நன்றாகப் பழகிய தடம். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே 2,366 சிசி. உங்கள் வண்டி வேறாக இருந்தாலும் படிகள் இவைதான்.

1. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காகிதம்

இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் பகுதி வாகனப் பதிவு அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இன்ஜின் மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டுமா, அல்லது மாற்றிய பிறகு தெரிவித்தால் போதுமா? மாற்றும் இன்ஜினின் ஆண்டுக்கு வரம்பு உண்டா? மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனையில் எந்த ஆண்டின் அளவுகோல் பொருந்தும், வண்டியின் ஆண்டா, இன்ஜினின் ஆண்டா?

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் வைக்கப்போகும் இன்ஜின் வண்டியின் ஆண்டுக்குச் சமமாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். அதோடு அந்த இன்ஜினுடன் வந்த, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், டேங்க் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா எல்லாம் அப்படியே கூட வரவேண்டும் என்றும் விதி இருக்கும். இது முன்பே தெரிந்தால் அவற்றையும் சேர்த்து வாங்குவீர்கள். பிறகு தெரிந்தால் ஒவ்வொன்றாகத் தேடி அலைவீர்கள், தனித்தனியாக வாங்கும்போது விலையும் ஏறும்.

பதிலை வாய்மொழியாக வாங்கிக்கொண்டு வராதீர்கள். கவுன்ட்டரில் இன்று இருப்பவர் நாளை இருக்கமாட்டார். விதி எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது கேள்வியை எழுத்தில் கொடுத்துப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இன்ஜின் வாங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: விற்பவரின் கையெழுத்தோடு விற்பனைச் சீட்டு, அதில் இன்ஜின் எண், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் பதிவுச் சான்றின் நகல், அல்லது அந்த வண்டி உடைப்புக்குப் போனதற்கான சான்று, விற்பவரின் அடையாள ஆவண நகல். சீட்டில் உள்ள எண்ணையும் பிளாக்கில் வெட்டியிருக்கும் எண்ணையும் உங்கள் கண்ணால் ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தைத் துடைத்து, படம் எடுத்து, ஒரு தாளை வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரதியும் எடுத்துவையுங்கள். இன்ஜின் உள்ளே போன பிறகு அந்த இடத்துக்குக் கையும் போகாது, கண்ணும் போகாது. சோதனைக்கு வருபவர் கேட்கும் முதல் விஷயம் அதுதான். எண் தேய்க்கப்பட்டோ திரும்ப வெட்டப்பட்டோ இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

2. எந்த இன்ஜின்?

முதல் முறை செய்பவருக்கு என் பதில் ஒன்றுதான்: அதே குடும்பத்து இன்ஜின். 22ஆர் இருந்த இடத்தில் 22ஆர்இ உட்காரும்போது கியர்பாக்ஸையும் மௌண்டிங்கையும் மாற்ற வேண்டியதில்லை. வெல்டிங் இல்லை, புரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி நீளம் குறைப்பது இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் வடிவம் முன் அச்சைப் பொறுத்து மாறும். இருசக்கர இழுவை வண்டியின் சம்ப், நான்குசக்கர இழுவை வண்டியில் அச்சின் மேல் இடிக்கலாம். வாங்கும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வி8 ஆசை இருப்பவர்களும் உண்டு. ஜிஎம்மின் 4.8, 5.3 லிட்டர் வோர்டெக் இன்ஜின்கள் இந்த வேலைக்குப் பேர்போனவை. ஆனால் அங்கே மௌண்டிங், கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங்குக்கு அடாப்டர், ரேடியேட்டர், பின் அச்சு என்று செலவு வரிசையாக வரும். திருட்டைத் தடுக்கும் பூட்டை (இம்மொபிலைசர்) ஈசியுவிலிருந்து, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரிலிருந்து, நீக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லாத மின்சார த்ராட்டில் என்றால் அதன் பெடலும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கூட வரவேண்டும். முதல் வேலையாக இதை எடுத்துக்கொண்டு ஷெட்டின் மூலையில் தூசி படிய விட்டவர்கள் நிறையப் பேர்.

3. இன்ஜினை வாங்காதீர்கள், முழு வண்டியை வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி ஞாபகம் இருந்தால் போதும் என்றால், அது இந்தத் தலைப்பு. விபத்தில் அடிபட்ட, ஆனால் இன்ஜின் ஓடுகிற முழு வண்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். முதலில் விலை கூடுதலாகத் தெரியும். வேண்டியதைக் கழற்றிக்கொண்டு மீதியை விற்றால் கணக்கு நேராகிவிடும். ஓட்டிப் பார்த்து வாங்கலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

முழு வண்டி கிடைக்கவில்லை என்றால், உடைப்பவரிடம் இந்தப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்: ஈசியு, அதிலிருந்து இன்ஜின் வரை வெட்டாத வயரிங், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரும் அதிலிருந்து த்ராட்டில் வரை போகும் ரப்பர் குழாயும், காயிலை இயக்கும் இக்னைட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜெக்ஷன் ரிலேக்களும் ஃப்யூஸ் பெட்டியும், இன்ஜெக்டர்களுக்குப் போகும் ரெசிஸ்டர் பெட்டி இருந்தால் அது, பெட்ரோல் டேங்கும் உள்ளிருக்கும் பம்ப்பும், ஆக்சிஜன் சென்சாரோடு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் முன் குழாயும், ஆக்சிலரேட்டர் கேபிளும் அதன் பிராக்கெட்டும். இம்மொபிலைசர் உள்ள பிந்தைய வண்டி என்றால் சாவியும் சாவித் துளைப் பகுதியும் சேர்த்து.

"வெட்டாத" என்ற சொல்லை இரண்டு முறை சொல்லுங்கள். எனக்கு இன்ஜின் கொடுத்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் நேரத்தை மிச்சப்படுத்த வயரிங்கை இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவருக்கு (ஃபயர்வால்) முன்னால் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டார். வெட்டுவாயில் கறுப்பு வயரில் சிவப்புக் கோடு போட்டவை பல இருந்தன, அதிலும் சிலவற்றின் கோடு எண்ணெயில் ஊறி மறைந்தே போயிருந்தது. ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை வைத்து ஈசியு முனை வரை தேடிப் பிடித்து, துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, எண் போட்ட டேப் ஒட்டினேன். இன்ஜினை மாட்டியதைவிட இதற்குத்தான் அதிக நேரம் போனது.

கழற்றும் இடத்தில் நீங்களே இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வேக்குவம் ஹோஸும் எங்கிருந்து எங்கே போகிறது என்று கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. பானெட்டின் உள்பக்கம் வேக்குவம் வரைபட ஸ்டிக்கர் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. உள்ளே வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

இன்ஜின் தரையில் இருக்கும்போது அரை மணி நேர வேலை, வண்டிக்குள் போன பிறகு அரை நாள் வேலை. கம்ப்ரெஷன் பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் தனியாக விழுந்திருந்தால் ஹெட்டைத் திறந்தே ஆகவேண்டும். கிராங்க் பின் சீல், முன் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிளட்ச் பிளேட், பைலட் பேரிங், எல்லா கேஸ்கெட்டும் புதிது போடுங்கள். இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்யக் கொடுத்து ஓ ரிங்குகளை மாற்றுங்கள்.

22ஆர்இ என்றால் டைமிங் செயினைப் பார்க்காமல் வைக்கவே கூடாது. அதில் இருப்பது ஒற்றை வரிசைச் செயின், அதைத் தாங்கி வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடு காலப்போக்கில் உடையும். உடைந்த பிறகு செயின் டைமிங் கவரின் உள்சுவரை அரைத்து ஓட்டை போட்டு, ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். வால்வ் கவரைக் கழற்றி டார்ச் அடித்தால் கைடு முழுசாக இருக்கிறதா என்று தெரியும். இரும்பு முதுகு கொண்ட கைடு செட் கிடைக்கிறது, இப்போதே போட்டுவிடுங்கள்.

5. இறக்குவதும் ஏற்றுவதும்

இதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பேட்டரியைக் கழற்றுங்கள், தண்ணீரையும் ஆயிலையும் வடியுங்கள், பானெட்டையும் ரேடியேட்டரையும் எடுங்கள், செயின் புல்லியில் தூக்குங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒரு சனி ஞாயிறு போதும். தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கையையோ தலையையோ விடாதீர்கள். கியர்பாக்ஸோடு சேரும்போது போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்காதீர்கள். பெல் ஹவுசிங் கையாலேயே ஒட்டி உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று அர்த்தம்.

பழைய கார்புரேட்டர் இன்ஜினை உடனே விற்றுவிடாதீர்கள். அதில் இருக்கும் பிராக்கெட், சென்சார், புல்லி என்று ஏதாவது ஒன்று கடைசி நேரத்தில் தேவைப்படும். பதிவு அலுவலகமும் பழைய இன்ஜின் எங்கே என்று கேட்கலாம்.

6. பெட்ரோல் லைன்: இங்கே சமரசம் கிடையாது

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சும்மா எட்டிப் பார்த்தால் போதும், 3 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள அக்கால இன்ஜின்களில் பெரும்பாலும் 35 முதல் 45 பிஎஸ்ஐ. வோர்டெக் வி8 என்றால் 58 வரை. பழைய ரப்பர் ஹோஸில் இந்த அழுத்தத்தை விட்டால் அது சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சும். வண்டி எரிந்துபோவது இப்படியும்தான்.

ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். இன்ஜெக்ஷனுக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று இருக்க வேண்டும். ஆர்7 என்பது கார்புரேட்டர் ரகம், கடைக்காரர் "அதேதான் சார்" என்று சொன்னாலும் திருப்பிக் கொடுங்கள். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்10 வேண்டும், ஆர்9 உள்ளே ஊறிக் கெட்டுப்போகும். திருகுப் பல் ஹோஸில் பதியும் சாதாரண க்ளாம்ப் வேண்டாம், வழவழப்பான பட்டை கொண்ட இன்ஜெக்ஷன் க்ளாம்ப் போடுங்கள்.

பம்ப்பை எங்கே வைப்பது? டோனர் வண்டியின், அதாவது இன்ஜின் கழற்றிய வண்டியின், டேங்க் உங்கள் சேசிஸில் பொருந்தினால் யோசிக்கவே வேண்டாம், அதையே மாட்டுங்கள். அதற்குள் பம்ப்பைச் சுற்றித் தடுப்புகள் இருக்கும். பழைய டேங்கில் அவை இல்லாததால், கால் டேங்குக்குக் கீழே போனதும் வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். இன்ஜின் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். பழைய டேங்கையே வைத்துக்கொள்வதானால் நடுவில் பெட்ரோலை எப்போதும் நிரப்பி வைத்திருக்கும் ஒரு சின்ன சர்ஜ் டேங்க் வைக்க வேண்டும், அதற்கு இன்னொரு குறைந்த அழுத்த பம்ப்பும் வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் டோனர் டேங்கே மலிவு.

திரும்பும் குழாயை மறக்காதீர்கள். இன்ஜெக்டர்கள் குடித்தது போக மீதி டேங்குக்குத் திரும்ப வேண்டும். அந்தக் குழாய் துருப்பிடித்தோ நசுங்கியோ இருந்தால் அழுத்தம் ஏறி, கறும்புகை வரும். நீங்கள் சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். குழாயில் காற்று ஊதிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பழைய டேங்கின் துரு புது இன்ஜெக்டருக்கு எமன். டேங்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஃபில்டரை மறுபடி மாற்றுங்கள்.

7. வயரிங்

பார்த்தால் மலைப்பாக இருக்கும். உண்மையில் இன்ஜெக்ஷன் வயரிங்கில் முக்கால்வாசி ஈசியுவுக்கும் இன்ஜினுக்கும் நடுவிலேயே பேசிக்கொள்வது. உங்கள் பழைய வண்டியோடு சேர வேண்டிய வயர்கள் கொஞ்சம்தான்: எப்போதும் உயிரோடு இருக்கும் பேட்டரி வயர், சாவி போட்டால் உயிர் வரும் வயர், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வரும் வயர், பம்ப்புக்குப் போகும் வயர், செக் இன்ஜின் விளக்கு, ஆர்பிஎம் மீட்டர், எர்த். டோனர் வண்டியின் ஆண்டுக்கு உரிய வயரிங் வரைபடத்தை வாங்கி, இந்த வயர்களை மட்டும் கலர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு முன்பின் உள்ள வரைபடம் உதவாது, வயர் நிறம் மாறியிருக்கலாம்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, சாவி வயர். ரேடியோவுக்குப் போகும் வயரிலும் சாவி போட்டால் 12 வோல்ட் வரும், ஆனால் செல்ஃப் அடிக்கும்போது அது செத்துவிடும். அதில் ஈசியுவை இணைத்தால் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. மீட்டரை வயரில் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. பல பழைய வண்டிகளில் காயிலுக்குப் போகும் வயரில் ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது முழு வோல்ட் போகும், சாவியை விட்டதும் குறைந்துவிடும். பழைய காயிலுக்கு அதுதான் சரி. புது இக்னைட்டரும் காயிலும் முழு 12 வோல்ட் கேட்கும். அந்த ரெசிஸ்டரைத் தாண்டி நேராகக் கொடுங்கள்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விசித்திரமான கோளாறுகளில் பாதிக்கு எர்த்தான் காரணம். பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு ஒன்று, பிளாக்கிலிருந்து பாடிக்கு ஒன்று, ஈசியுவின் எர்த் வயர்கள் இன்டேக் மேனிஃபோல்டில் அவற்றுக்கு உரிய போல்ட்டில். பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் வையுங்கள். சோதனை சுலபம்: மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்வில், மறுமுனை பிளாக்கில், செல்ஃப் அடித்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

சென்சார்களில் ஒன்றை மட்டும் மாட்டுவதற்கு முன் கண்டிப்பாக அளந்து பாருங்கள், ஈசியுவுக்கு இன்ஜின் சூட்டைச் சொல்லும் இரண்டு பின் டெம்பரேச்சர் சென்சார். இது டேஷ்போர்டு முள்ளுக்கான சென்சார் அல்ல, அது தனி. டொயோட்டாவில் 20 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 0.3 கிலோ ஓம். ஒரு கிண்ணம் வெந்நீரும் மீட்டரும் போதும். இது பொய் சொன்னால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்திருப்பதாக நினைத்து ஈசியு பெட்ரோலைக் கொட்டும்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். கிரிம்ப் அல்லது சால்டர் செய்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். ஈசியுவைத் தண்ணீர் படாமல், கேபினுக்குள் வையுங்கள்.

8. எக்ஸாஸ்ட்

ஆக்சிஜன் சென்சார் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால், இன்ஜினுக்குக் கிட்டே, நன்றாகச் சூடேறும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கேயும் கசிவு கூடாது. கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே போனால் பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும். சோதனையில் தோற்பதற்கு இது ஒன்றே போதும்.

9. முதல் ஸ்டார்ட்

இன்ஜெக்டர் இணைப்பையும் காயில் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் வரும்வரை விட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். அடுத்தது, இன்ஜினை ஓட்டாமல் பம்ப்பை மட்டும் ஓட்டுங்கள். டொயோட்டாவில் பானெட்டுக்குள் இருக்கும் செக் கனெக்டர் என்ற சோதனை இணைப்பில் எஃப்பி, பி பிளஸ் என்று குறித்த முனைகள் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைப் போட்டால் பம்ப் ஓடும். ஒவ்வொரு இணைப்பாக டார்ச் அடித்து, விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். எல்லாம் காய்ந்திருந்தால் மட்டும் மற்ற இணைப்புகளை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஸ்டார்ட் ஆகி, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறதா? பயப்பட வேண்டாம், இது அடிக்கடி வருவது. 22ஆர்இ-யில் இன்ஜின் ஓடும்போது பம்ப்பை உயிரோடு வைத்திருப்பது ஏர்ஃப்ளோ மீட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். காற்று உள்ளே போய் மடல் திறந்தால்தான் அது சேரும். மீட்டருக்குப் பின்னால் ரப்பர் குழாய் கிழிந்திருந்தால், ஆயில் ஊற்றும் மூடி சரியாக மூடவில்லை என்றால்கூட, காற்று வேறு வழியில் போய் மடல் திறக்காது. செக் கனெக்டரில் முன்பு செய்ததுபோல் பம்ப்பை நேராக ஓட்டிப் பாருங்கள். அப்போது இன்ஜின் நிற்காமல் ஓடினால் கோளாறு இந்த வழியில்தான். அப்படியும் நின்றால் காயில் ரெசிஸ்டரைப் பாருங்கள்.

ஓட ஆரம்பித்ததும் இன்ஜினைச் சூடாக்கி, தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கை வையுங்கள். செக் கனெக்டரில் டிஇ1, இ1 இரண்டையும் இணைத்த நிலையில் 5 டிகிரி. இணைக்காமல் வைத்தால் ஈசியு தானே டைமிங்கை முன்னால் தள்ளியிருக்கும், நீங்கள் வைப்பது தப்பாகிவிடும். சாவியைப் போட்டு இன்ஜினை ஓட்டாமல் இதே இரண்டையும் இணைத்தால் செக் இன்ஜின் விளக்கு சிமிட்டிக் கோளாறு எண்ணைச் சொல்லும். காசு கொடுத்து ஸ்கேனர் வைக்கத் தேவையில்லை.

10. பணமும் நேரமும்

இன்ஜினுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ, அதே அளவு இன்னொரு பங்கை மற்றதுக்கு ஒதுக்குங்கள். பெரிய தொகை ஒன்றுமே இருக்காது, சீல், கேஸ்கெட், ஹோஸ், க்ளாம்ப், கனெக்டர், எக்ஸாஸ்ட் வேலை, சோதனைக் கட்டணம் என்று சில்லறையாகவே போய் அந்த அளவுக்கு நிற்கும். எங்கே மிச்சம் பிடிப்பது என்று கேட்டால், ஆள் கூலியில் பிடியுங்கள், பெட்ரோல் லைனில் பிடிக்காதீர்கள்.

நேரக் கணக்கு: சுத்தம் செய்து பாகங்கள் மாற்றச் சில வாரம், மாட்ட ஒரு வார இறுதி, வயரிங்குக்கு மாலை நேரங்களாகச் சில வாரம். காகித வேலைக்கு எவ்வளவு ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால்தான் அதை முதலில் தொடங்கச் சொன்னேன். இதே பிக்கப்தான் தினமும் வேலைக்குப் போகும் வண்டி என்றால், மாற்று ஏற்பாடு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

11. சோதனையும் பதிவும்

சோதனைக்குப் போகும் முன் வண்டியை நன்றாகச் சூடேற ஓட்டுங்கள், கன்வர்ட்டர் குளிர்ந்திருந்தால் வேலை செய்யாது. செக் இன்ஜின் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். பல்பையே கழற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, சோதிப்பவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

கையில் ஒரு ஃபைல்: விற்பனைச் சீட்டு, டோனர் வண்டியின் சான்று நகல், எண்ணின் படமும் பென்சில் பிரதியும், முன் அனுமதிக் கடிதம், வேலை செய்த இடத்தின் ரசீது, பாகங்களின் ரசீது. நீங்களே செய்த வேலை என்றால் யார் செய்தது என்று ஓர் உறுதிமொழி கேட்கக்கூடும். புதுப் பதிவுச் சான்று வந்ததும் இன்ஜின் எண்ணையும் சிசியையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த இடத்திலேயே திருத்தச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு கட்டணம்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் ஏற்றப்பட்ட பிறகுதான் வண்டியைச் சாலைக்கு எடுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம் என்பது இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு நல்ல காரணம். கலர் பேனாவால் குறித்த அந்த வயரிங் வரைபடத்தின் நகல் ஒன்றை டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவையுங்கள். வழியில் நின்றால் எந்த மெக்கானிக் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார், ஏனென்றால் இனி உங்கள் வண்டிக்குப் பொருந்தும் புத்தகம் வேறெங்கும் கிடையாது.